30 எரிகற்களும் ஒரு ரெக்கார்டு நோட்டும்



பொங்கலன்று நான் போட்ட வானத்துப் படத்துக்கு இத்தனை பேர் கருத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தனித்தனியாகப் பதில் போட என் விரல்கள் ஒத்துழைக்காது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிற ஆள் நான்.

வந்த கேள்விகளை மூன்றாகப் பிரித்துவிடலாம். "சார், இத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்ததா?" என்று பாதிப் பேர். "பெரியப்பா, இது ஏ.ஐ. போட்ட படமா?" என்று குடும்பத்துப் பிள்ளைகள். மூன்றாவது கேள்வியைக் கேட்டவன் ஒருவன்தான். 1994ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவன். "சார், ரெக்கார்டு நோட்டில் பார்த்ததை மட்டும் எழுது என்று சிவப்பு மையில் எழுதுவீர்களே. இந்தப் படத்தை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தான்.

இரண்டு நாள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். நியாயமான கேள்வி. 34 வருடம் இயற்பியல் ஆய்வகத்தில் நின்றவனிடம் கேட்கவேண்டிய கேள்வி. இந்தப் பதிவு முழுவதுமே அவனுக்கான பதில்தான்.

முதலில் விழுந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எரிநட்சத்திரம் என்று நாம் சொல்வது நட்சத்திரம் அல்ல, அது ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதான். மணல் அளவிலிருந்து பட்டாணி அளவு வரை இருக்கும் துகள்கள், மிகுந்த வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து தீர்ந்துபோகின்றன. அந்த ஒளிக்கீற்றைத்தான் எரிகல் என்கிறேன். அபூர்வமாக ஏதாவது ஒன்று தீராமல் தரைக்கு வந்து சேர்ந்தால் அது விண்கல்.

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி இவை கூட்டமாக வரும். ஜெமினிட் எரிகல் மழை என்று பெயர். 1862ல்தான் இதை முதலில் கவனித்திருக்கிறார்கள். பெரும்பாலான எரிகல் மழைகளுக்கு வால்நட்சத்திரம்தான் தாய். இதற்கு அப்படியில்லை. 1983ல் ஒரு செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள்தான் தாய். அது சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 1.4 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. போகிற போக்கில் புதன் கிரகத்தைவிடவும் சூரியனுக்குக் கிட்டே போய் வருகிறது. அது உதிர்த்த தூசி நிறைந்த பாதையை ஒவ்வொரு டிசம்பரிலும் நம் பூமி கடக்கிறது. துகள்கள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வருகின்றன.

2023 டிசம்பர் 14 இரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நிலா. முந்தின நாள்தான் அமாவாசை. மெல்லிய பிறை மாலையிலேயே மறைந்துவிட்டது. மீதி இரவு முழுக்க இருட்டு. இப்படிப் பொருந்தி வருவது எல்லா வருடமும் கிடைக்காது. ஆனால் டிசம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வானம் திறக்குமா என்று தெரியாமலே கிளம்பினோம்.

இடம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் என் மைத்துனரின் கொல்லை. வடக்கிலும் கிழக்கிலும் மலை, பக்கத்தில் பெரிய ஊர் எதுவும் இல்லை. அந்த மலையில் காவலூரில் வானியல் ஆய்வகம் வைத்ததே இருட்டுக்காகத்தான் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். நெல் தூற்றும் களத்தில் முக்காலியை நிறுத்தினோம். நான், என் மனைவி, தங்கை மகன் மூவரும். கயிற்றுக் கட்டில் இரண்டு, கம்பளி, சுக்குக் காபி நிறைந்த பிளாஸ்க்.

இதில் என் மனைவி வந்ததுதான் முக்கியம். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட மாணவர்கள் எல்லாரும் அம்மா என்று கூப்பிடும் அதே அம்மா. அவளுக்குக் கண்புரை முற்றி, நட்சத்திரம் என்றால் நனைந்த பஞ்சு மாதிரி தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். சென்ற வருடம் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. அதன்பின் அவள் இருட்டு வானத்தைப் பார்க்கும் முதல் இரவு அது.

இனி படம் எடுத்த விதம். பலர் கேட்ட கேள்வி: "எரிகல் விழும்போது சரியாக எப்படி சார் க்ளிக் செய்தீர்கள்?" செய்யவே முடியாது. ஒரு எரிகல் பெரும்பாலும் ஒரு நொடிகூட இருக்காது. "அதோ" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அது போய்விடும். ஆகவே வேட்டையாடக் கூடாது, வலை விரிக்க வேண்டும். கேமராவை ஒரு திசையில் அசையாமல் நிறுத்தி, இடைவிடாமல் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்படி விட்டுவிட வேண்டும். எந்தப் படத்தில் எது விழுந்தது என்பதைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

என்னுடையது பழைய கிராப் சென்சார் கேமரா, 14 மில்லிமீட்டர் லென்ஸ். துளை எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, ஒவ்வொரு படத்துக்கும் 20 நொடி. ஏன் 20 நொடி? அதற்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். சரி, அதிக நேரம் திறந்தால் எரிகல் இன்னும் பளிச்சென்று விழாதா என்று கேட்பீர்கள். விழாது. நட்சத்திரம் 20 நொடியும் அதே இடத்தில் ஒளி கொட்டுகிறது. எரிகல் ஓடிக்கொண்டே இருப்பதால் சென்சாரின் ஒரு புள்ளியில் அது நிற்பது நொடியில் மிகச் சிறு பங்குதான். அதை வாங்கிக்கொள்ள அகலமான துளையும் நல்ல உணர்திறனும் வேண்டும், நேரம் உதவாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிந்த மங்கலான எரிகற்கள் பல கேமராவில் பதியவே இல்லை.

கேமராவை வடக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவே, நெடுக்குவாட்டில் நிறுத்தினேன். மேலே புனர்பூசம், கீழே மலை, இடது ஓரத்தில் மலைக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். பத்தரை மணி வரை மேகம். அதுவரை காபிதான் செலவானது. பிறகு கிழக்கிலிருந்து வானம் சுத்தமாகத் திறந்தது. பத்தரையிலிருந்து விடிகாலை நாலரை வரை 1,012 படங்கள். மூன்று தடவை பேட்டரி மாற்றினோம். பனி லென்ஸில் படியாமலிருக்க, பவர் பேங்கில் சூடாகும் ஒரு பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டியிருந்தேன். டிசம்பரில் இது இல்லாமல் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் கண்ணாடி வியர்த்துவிடும்.

கேமரா அதன் வேலையைப் பார்க்க, நாங்கள் படுத்துக்கொண்டு எண்ணினோம். ஒரு நோட்டில் நேரம், திசை, பிரகாசம் என்று மூன்று கட்டம். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் 61. ஒரே நிமிடத்தில் அதிகமாகப் பார்த்தது நான்கு. இந்த நான்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவை முப்பது.

வீட்டுக்கு வந்து 1,012 படங்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. கோடு இருப்பதெல்லாம் எரிகல் ஆகிவிடாது. விமானம் என்றால் விட்டுவிட்டு மின்னும் விளக்குகள் புள்ளி புள்ளியாக விழும். செயற்கைக்கோள் ஒரே சீரான கோடாக இருக்கும், அடுத்த படத்திலும் அதற்கடுத்ததிலும் தொடர்ந்து போகும். எரிகல் ஒரே படத்தில் முடிந்துவிடும். இரண்டு முனையும் மெலிந்து நடுவில் தடித்து, நெல்மணியை இழுத்து நீட்டினது மாதிரி இருக்கும். சிலவற்றில் பச்சைச் சாயலும் தெரியும். இப்படிச் சலித்ததில் 36 படங்களில் 37 எரிகற்கள் கிடைத்தன. ஒரே ஒரு படத்தில் மட்டும் இரண்டு.

இப்போது அந்த மாணவனின் கேள்வி இருக்கும் இடத்துக்கு வருகிறோம். 36 படங்களை ஒன்றாக்குவது எப்படி? சும்மா ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் என்ன?

அடுக்கலாம். இணையத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பத்தரை மணிக்கும் நாலரை மணிக்கும் நடுவே வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி 90 பாகை திரும்பிவிடுகிறது. மணிக்கு 15 பாகை, ஆறு மணிக்கு 90. கேமரா அசையவில்லை, வானம் அசைந்திருக்கிறது. அப்படியே அடுக்கினால் எரிகற்கள் கண்டபடி நாலா பக்கமும் போவது மாதிரி இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்ற செய்தி தொலைந்துபோகும்.

அந்தச் செய்திதான் இந்த விஷயத்தின் உயிர். எரிகல் மழையின் துகள்கள் எல்லாம் விண்வெளியில் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. இணையான கோடுகள் நம் கண்ணுக்கு ஒரு புள்ளியிலிருந்து விரிவது போலத் தோன்றும். ஜோலார்பேட்டை நடைமேடையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே கணக்கு. ஜெமினிட் எரிகற்களுக்கு அந்தப் புள்ளி மிதுன ராசியில் காஸ்டர் என்ற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் புனர்பூசம் என்று சொல்லும் இரட்டையில் ஒன்று அது. அங்கிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தாலும் ஒவ்வொரு கோட்டையும் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசத்தின் பக்கத்தில் போய் நிற்கும்.

இதை மனிதர்கள் புரிந்துகொண்டது 1833ல். அந்த வருடம் நவம்பர் 13 விடியற்காலை வட அமெரிக்காவில் லியோனிட் எரிகற்கள் புயலாகக் கொட்டின. உலகம் முடிந்தது என்று ஜனங்கள் நடுங்கினார்கள். யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓல்ம்ஸ்டெட், பார்த்தவர்கள் எல்லாரும் எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகை வழியாகக் கேட்டார். பல ஊர்க்காரர்கள் எழுதியதை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எல்லாக் கோடுகளும் சிம்ம ராசியில் ஒரே இடத்திலிருந்து விரிவது தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்த ஒருவருக்குப் பயம்தான் மிஞ்சியது. சேர்த்து வைத்துப் பார்த்தபோது அறிவியல் பிறந்தது.

அந்த இரவைக் காட்டும் புகழ்பெற்ற ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. வானம் முழுக்கக் கோடுகள் மழையாய் இறங்கும். பாடப் புத்தகங்களில்கூடப் பார்த்திருப்பீர்கள். அது 1889ல் செய்யப்பட்டது. சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஒருவர் நினைவிலிருந்து சொன்னதை வைத்து ஓர் ஓவியர் வரைய, அதைப் பார்த்து இன்னொருவர் செதுக்கினார். எரிகல்லை முதன்முதலில் புகைப்படத்தில் பிடித்ததோ 1885 நவம்பர் 27ல், பிராக் நகரத்தில், வைனெக் என்ற வானியலாளர். அதில் இருந்தது ஒரே ஒரு கோடு. மரச்செதுக்குப் படம் உலகம் சுற்றியது. ஒற்றைக் கோடு எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அளவு எடுக்க உதவியது அந்த ஒற்றைக் கோடுதான்.

சரி, என் படத்துக்கு வருகிறேன். இரவு ஒரு மணிக்கு எடுத்த படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டேன். மலையும் மரங்களும் அந்த ஒரே படத்தில் உள்ளவை. மற்ற 35 படங்களையும், துருவ நட்சத்திரத்தை ஆணியாக வைத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்வரை திருப்பினேன். ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு படமும் ஓர் அடுக்கு. அந்த அடுக்கு முழுவதையும் கறுப்பு மாஸ்க் போட்டு மூடிவிட்டு, எரிகல் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறக்க வேண்டும். பிறகு, கீழே உள்ளதைவிட வெளிச்சமாக இருப்பதை மட்டும் காட்டும்படி அடுக்கை அமைத்துவிட்டால் எரிகல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். சொல்வதற்கு நாலு வரி, செய்வதற்குப் பதினோரு நாள்.

முதல் பத்து அடுக்குகள் வரை அது ஏதோ கைவேலை மாதிரிதான் இருந்தது. பதினைந்தைத் தாண்டியதும் கோடுகள் எல்லாம் புனர்பூசத்தைப் பார்த்துத் திரும்புவது தெரிய ஆரம்பித்தது. நான் திருப்பவில்லை, நட்சத்திரங்களை மட்டும்தான் பொருத்தினேன். கோடுகள் தாமாகவே ஒழுங்குக்கு வந்தன. 34 வருடம் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டிய விஷயம், நான் படம் எடுத்த வானத்திலேயே வந்து நின்றது. இந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

37ல் நான்கு கோடுகள் புனர்பூசத்தைப் பார்க்கவே இல்லை. அவை இந்தக் கூட்டத்தைச் சேராத வழிப்போக்கர்கள். எந்த இரவிலும் அப்படிச் சில விழும். அவற்றை விட்டுவிட்டேன். மூன்று எரிகற்கள், வானத்தைத் திருப்பியபோது மலைக்குக் கீழேயோ சட்டத்துக்கு வெளியேயோ போய்விட்டன. அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி உள்ளே வைத்தால் யாருக்கும் தெரியாது. வைக்கவில்லை. மீதி முப்பது.

இப்போது சிவப்பு மைக்கு வருவோம். தனி ஊசல் சோதனை செய்தது ஞாபகம் இருக்கிறதா? ஓர் அலைவுக்கு எத்தனை நொடி என்று நீங்கள் யாரும் நேரடியாக அளக்கவில்லை. கையில் இருந்த ஸ்டாப் கிளாக்கில் அளக்கவும் முடியாது. 20 அலைவுக்கு நேரம் எடுத்து, 20ஆல் வகுத்து, நீளத்தை மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை செய்து, சராசரி எடுத்து, வரைபடம் போட்டீர்கள். அந்த வரைபடத்தில் இருக்கும் நேர்கோட்டை ஆய்வகத்தில் யார் கண்ணாலாவது பார்த்ததுண்டா? இல்லை. ஆனால் அது பொய்யில்லை. ஏன்? எதிர்ப் பக்கத்தில் அட்டவணை இருந்தது. எந்த நீளத்துக்கு எத்தனை நொடி என்று நேர்மையாக எழுதியிருந்தது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று யார் வேண்டுமானாலும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

நான் சிவப்பு மை போட்டது வேறு வகை நோட்டுக்கு. அண்ணன் நோட்டைப் பார்த்து 9.8 வரவேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு, பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு, ஊசலைத் தொடாமலே அட்டவணையை நிரப்பிய நோட்டுகள் அவை. விடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நோட்டில் ஊசல் இல்லை.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில்: இந்தப் படத்தை இந்த வடிவத்தில் நான் பார்க்கவில்லை. யாரும் பார்த்திருக்க முடியாது. இது ஒரு வரைபடம். ஒவ்வொரு புள்ளியும் உண்மை. அட்டவணையைப் பக்கத்தில் வைத்திருக்கும் வரைக்கும் வரைபடமும் உண்மை. அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிட்டு, "அன்று இரவு வானம் இப்படி இருந்தது" என்று சொன்னால் அந்த நிமிடமே அது பொய்யாகிவிடும். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமலேயே பொய்யாகிவிடும்.

இது வெறும் தத்துவம் இல்லை. இந்தப் பதினைந்து நாளில் இரண்டு தடவை இதற்குச் சோதனை வந்தது.

ஒன்று, வீட்டுக்குள். அன்று இரவு 2 மணி 41 நிமிடத்துக்குத் தெற்கே பெரிய ஒன்று போனது. நான் அப்போது பேட்டரியோடு குனிந்துகொண்டிருந்தேன். தங்கை மகன் கம்பளிக்குள். பார்த்தது என் மனைவி ஒருத்திதான். "ஐயோ, பாருங்களேன்" என்று அவள் கத்தி, நான் நிமிர்ந்தபோது வெறும் புகை மாதிரி ஒரு தடம் கலைந்துகொண்டிருந்தது. கேமரா வடக்கைப் பார்த்து நின்றதால் அதில் ஒன்றும் இல்லை. அன்றைய இரவின் ஆகப் பெரிய எரிகல், புதுக் கண்ணோடு வந்தவளுக்குக் கிடைத்த எரிகல், படத்தில் கிடையாது.

படம் முடிந்த அன்று தங்கை மகன் லேப்டாப்பை இழுத்துக்கொண்டான். "முப்பது இருக்கு மாமா, அத்தை பார்த்ததையும் சேர்த்து முப்பத்தொண்ணு ஆக்கிடலாம்" என்றான். இருந்ததிலேயே தடிமனான ஒன்றைப் பிரதி எடுத்து, நீட்டி, திருப்பி வைத்தான். இரண்டு நிமிட வேலை. பாசத்தில் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. படமும் முன்னைவிட எடுப்பாகத்தான் இருந்தது. அவளுக்காகத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் வாய்வரை வந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "அது இந்தப் பக்கமே போகலையேடா. தென்னை மரத்துக்கு மேலே இல்ல போச்சு. இது வேற ஏதோ" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டான். அவள் எழுந்துபோய், நாங்கள் எண்ணிய நோட்டைக் கொண்டுவந்து, அன்று இரவு என் கோணல் எழுத்தில் இருந்த வரியைக் காட்டினாள். நேரம் 2.41. திசை தெற்கு. பிரகாசம், வெள்ளியைவிட அதிகம். "இங்கேதான் இருக்கே, அப்புறம் என்ன?" என்றாள். பார்த்தவர் என்று அவள் பெயரும் அதில் இருந்தது. இயற்பியல் படித்தவன் நான். அன்று ரெக்கார்டு நோட்டைத் திருத்தியது அவள்.

இன்னொன்று, வெளியிலிருந்து. ஒரு பள்ளியில் புதிதாக அறிவியல் கூடம் கட்டுகிறார்கள். இந்தப் படத்தைப் பத்தடி அகலத்துக்கு அச்சிட்டுச் சுவரில் வைக்க விரும்புவதாகக் கேட்டார்கள். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பணம் எதுவும் வேண்டாம், கீழே நான் எழுதித் தரும் ஐந்து வரி விளக்கம் மட்டும் இருக்க வேண்டும் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. விளக்கம் நீளமாக இருக்கிறதாம், பிள்ளைகள் படிக்க மாட்டார்களாம். "ஜவ்வாது மலையில் நட்சத்திர மழை" என்று ஒரே வரி போதுமாம். முடிந்தால் மலை உச்சிக்கு மேலே இன்னும் நாலைந்து சேர்க்க முடியுமா, அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்றும் கேட்டார்கள்.

அந்தப் பக்கம் காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடிவானத்தை ஒட்டி ஒளி காற்றில் அதிக தூரம் கடந்து வருவதால் மங்கிவிடுகிறது. அன்று அங்கே மெல்லிய மூடுபனியும் இருந்தது. அந்தக் காலியிடமும் ஒரு தகவல். அதை நிரப்பினால் அது வானம் இல்லை, சுவர் அலங்காரம். இதைப் பணிவாக எழுதி, விளக்கத்தோடு வைப்பதாக இருந்தால் படத்தை முழு அளவில் இலவசமாகத் தருகிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இன்றுவரை பதில் இல்லை. வராமலும் போகலாம்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். பத்தடிப் படம், தினமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கடந்துபோகும் சுவர். ஆனால் ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டிசம்பரில் மாடிக்குப் போய் நின்றால் என்ன நடக்கும்? ஐந்து நிமிடத்தில் ஒன்றும் விழாது. பத்து நிமிடத்தில் ஒன்று விழும், அதுவும் கடைக்கண்ணில். "படத்தில் இருந்த மாதிரி இல்லையே" என்று இறங்கிப் போய்விடும். ஆறு மணி நேரத்தின் அறுவடை இது என்று ஐந்து வரியில் தெரிந்துகொண்ட பிள்ளை, இன்னும் அரைமணி நேரம் நிற்கும். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இந்தப் பிடிவாதம்.

அந்த ஐந்து வரியை இங்கேயே போட்டுவிடுகிறேன்:

"2023 டிசம்பர் 14 இரவு 10.30 முதல் மறுநாள் அதிகாலை 4.30 வரை ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரே இடத்தில் எடுத்த 1,012 படங்களில், எரிகல் பதிந்திருந்தவற்றைச் சேர்த்து உருவாக்கிய கூட்டுப் படம். தரையும் நட்சத்திரங்களும் இரவு 1 மணிக்கு எடுத்த ஒரே படத்தில் உள்ளவை. 30 ஜெமினிட் எரிகற்கள், நட்சத்திரங்களுக்கு நடுவே அவை விழுந்த அதே இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. பதிவான மற்ற 7 எரிகற்கள் சேர்க்கப்படவில்லை. இந்தக் காட்சியை ஒரே நேரத்தில் யாரும் பார்க்கவில்லை."

ஒரு சின்னக் கணக்கும் சொல்கிறேன், ரசிப்பீர்கள். 1,012 படங்களுக்கும் சேர்த்து ஷட்டர் திறந்திருந்தது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். முப்பது எரிகற்களும் ஒளிர்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் அரை நிமிடம்கூட வராது. மீதி அத்தனை நேரமும் கேமரா பிடித்தது, ஒன்றும் விழாத வானத்தைத்தான். அதையும் சேர்த்துப் பொறுமையாகப் பார்க்கிறவருக்குத்தான் இந்த அரை நிமிடம் கிடைக்கிறது.

இனி வீட்டுப்பாடம். டிசம்பரில் ஜெமினிட் பௌர்ணமியை ஒட்டி வரும் வருடங்களும் உண்டு. நிலா வெளிச்சத்தில் பெரியவை மட்டுமே தெரியும். ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் பெர்சீட் மழை வருகிறது. நள்ளிரவுக்குப் பிறகு வடகிழக்கைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து அது தாழ்வாகத்தான் இருக்கும், எண்ணிக்கையும் குறைவுதான். கேமரா அவசியமில்லை. ஒரு பாய், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதுவரை செல்போனைத் தொடக் கூடாது. நேரம், திசை, பிரகாசம் மூன்றையும் எழுதுங்கள். பேரப் பிள்ளைகளைக் கூட உட்கார வையுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் அன்று ஒரு நாள் ஊருக்கு வந்துவிடுங்கள், இந்தச் சாக்கிலாவது.

கடைசியாக ஒன்று. என்னிடம் அந்த 36 மூலப் படங்களும் எடுத்த நேரத்தோடு அப்படியே இருக்கின்றன. எண்ணிய நோட்டின் பக்கங்களையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். 1994 மாணவனுக்கு இன்று காலையே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். வேறு யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்புகிறேன். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஸ்கேலை வைத்துப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். லென்ஸ் ஓரங்களில் கொஞ்சம் வளைக்கும், அதற்கு விட்டுக்கொடுங்கள். முப்பதில் ஏதாவது ஒன்று புனர்பூசத்தின் பக்கம் போய்ச் சேரவில்லை என்று யாராவது காட்டினால் அதை எடுத்துவிடுகிறேன். கண்டுபிடித்தவருக்குச் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண்ணும், அம்மா கையால் ஒரு வேளைச் சாப்பாடும் உண்டு.